மடக்கு கேமராவும் பீரோ கதவும்

ஓய்வு பெற்றவர் எழுதும் கட்டுரை என்றால் தொடக்கத்தில் மூட்டுவலி இருக்கும், முடிவில் அறிவுரை இருக்கும். என்னிடம் இரண்டும் கிடையாது. எனக்கு வயது இருபத்தொன்பது. ஆனாலும் ஸ்டுடியோ வேலையைப் பொறுத்தவரை நான் ஓய்வு பெற்றவன்தான். கல்மண்டபம் பகுதியில் ராணி அக்காவின் ஸ்டுடியோவில் இருந்தேன். அக்கா கடையை ஜெராக்ஸ் கடையாக மாற்றியபோது வெளியே வந்தேன். பொன்னாடை போர்த்தவில்லை. ஒரு பிளேட் பிரியாணி வாங்கிக் கொடுத்து, "இனிமேலாவது ஒழுங்கா இருலே" என்று வாழ்த்தினார். இப்போது எண்ணூர்ப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில், இறால் போகும் குளிர்ப்பெட்டிகளுக்குக் கரண்ட் ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்கிறேன். இறாலைச் சிரிக்கச் சொல்ல வேண்டியதில்லை. நிம்மதி.

போன வாரம் சதீஷ் வந்தான். ஸ்டுடியோவில் எனக்குப் பின்னால் சேர்ந்தவன். இப்போது கல்யாணங்களில் டிரோன் பறக்கவிடுகிறான்.

"அண்ணாத்த, முகத்துவாரக்குப்பத்துல ஒரு மீன்புடி போட்டுக்குள்ள ஒரு போட்டோ பாத்தேன். மடக்கு கேமரால வேற பிலிம் போட்டு நீதான் எட்த்தியாமே. அதேமாரி ஒண்ணு வேணும்னு இன்னொரு வூட்ல கேக்கறாங்க. எப்டினு சொல்லு."

"உன்கிட்டதான் பறக்கற கேமரா கீதே. அத்த கேளு."

"கலாய்க்காத. நெஜமா கேக்கறேன்."

வாயால் சொன்னால் பாதியை மறந்துவிடுவான். அதனால் எழுதுகிறேன். பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் எழுதியது என்பதை மனதில் வைத்துக்கொண்டு படிக்கவும்.

நான் தொழில் கற்றது பெரிய கதை இல்லை. பாஸ்போர்ட் படத்தில் இரண்டு காதும் தெரிகிறதா என்று பார்த்தேன். கல்யாணங்களில் லைட் பிடித்தேன். பந்தியில் முதல் வரிசையில் உட்காரும் கலையைக் கற்றேன். மீதி எல்லாம் ராணி அக்காவின் சுண்டுவிரல் கற்றுக்கொடுத்தது.

அக்கா தூத்துக்குடிப் பக்கம். கல்யாணம் ஆகி இங்கே வந்து வருஷக்கணக்கானாலும் பேச்சு இன்னும் ஊர்ப் பேச்சுதான். அவர் ஒரு படத்தைப் பார்க்கிற விதம் தனி. முதலில் தலைகீழாகப் பிடிப்பார். "நேரா பாத்தா மூஞ்சிதாம்ல தெரியும். தலைகீழா பாத்தாத்தான் படம் தெரியும்" என்பார். பிறகு குறை உள்ள இடத்தில் சுண்டுவிரல் நகத்தால் ஒரு தட்டு. அவ்வளவுதான். என்ன குறை என்று சொல்ல மாட்டார், போய்விடுவார். நாம் அந்த இடத்தையே முறைத்துக்கொண்டு நிற்க வேண்டும். நகம் படாமல் ஒரு படம் திரும்பி வந்தால் அதுதான் பாராட்டு. எனக்கு அது அடிக்கடி கிடைத்தது என்று எழுதத்தான் ஆசை.

மடக்கு கேமரா அக்காவின் மாமனாருடையது. துறைமுகத்தில் ஒரு கப்பல்காரரிடம் வாங்கியதாம். மூடியிருந்தால் தடித்த பைபிள் மாதிரி தட்டையாகக் கிடக்கும். மேல்பகுதியைப் பிடித்துத் தூக்கினால் கூடாரம் மாதிரி எழுந்து நிற்கும். பட்டனை அழுத்தினால் ஒரு தாள் வெளியே வரும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் படம் தெளியும். நெகட்டிவ் கிடையாது. அதனால் இரண்டாவது பிரதி எடுக்க முடியாது.

வேறு யாராவது இருந்தால் இதைக் குறை என்று நினைத்திருப்பார்கள். மாமனார் வியாபாரி. புதுப் படகு இறங்குகிற இடத்துக்கெல்லாம் போய், "படகும் ஒண்ணு, படமும் ஒண்ணு. கரையில ஒண்ணு கடல்ல ஒண்ணுன்னு இருந்தா படகுக்கு மனசு ரெண்டாயிரும்" என்று சொல்லி வைத்தார். அவர் காலம் முடிந்தது. அவர் சொன்னது மட்டும் குப்பத்தில் சில குடும்பங்களில் வழக்கமாகவே ஆகிவிட்டது. புதுப் படகு தண்ணீரைத் தொடும் முன் புருஷனும் பெண்டாட்டியும் அதன் பக்கத்தில் நிற்க வேண்டும். மடக்கு கேமராவில் ஒரே ஒரு படம். படகின் முன்முனையில் சாமான் வைக்கும் சின்ன அறை உண்டு, அதன் மூடிக்கு உள்பக்கம் அந்தப் படம் ஒட்டப்பட்டு கடலுக்குப் போகும். செல்போன் படம் செல்லாது. அது எத்தனை பேர் போனில் இருக்கும் என்று யார் கண்டது.

ஒரு மீன்பிடித் தடைக்காலத்தில் கஸ்தூரி ஸ்டுடியோவுக்கு வந்தார். முகத்துவாரக்குப்பத்து டில்லியின் மனைவி. டில்லியும் பின்னால் வந்தார்.

"அக்கா, புது போட்டு ரெடி. தடை முடியற அன்னிக்கி இறக்கறோம். மடக்கு கேமராவ எட்த்துகினு வாங்க."

"அதுக்குத் தாளு வரத்து நின்னு எவ்வளவோ நாளாச்சேம்மா. இருந்த தாளும் கெட்டுப்போச்சு."

"அதெல்லாம் எனுக்குத் தெரியாதுக்கா. படம் இல்லாம இவுரு முகத்துவாரம் தாண்ட மாட்டாரு."

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "அண்ணி, பாஸ்போர்ட் சைஸ்ல எட்டு காப்பி தரேன். போட்டு புல்லா ஒட்டிக்குங்க."

கஸ்தூரி சிரிக்கவில்லை. "போன போட்டு முகத்துவாரத்து மணல் திட்டாண்ட அலைல பொரண்டுச்சு தம்பி. போட்டு போச்சு, அதுல இருந்த படமும் போச்சு. இவுரு வந்தாரு. படந்தான் இவுருக்குப் பதிலா போச்சு. அது இல்லாம நான் அனுப்பறதா இல்ல."

டில்லி சுவரில் மாட்டியிருந்த குழந்தைப் படங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். படகு உடைந்த நாளிலிருந்து நிலக்கரி லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டும் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். "கரி வேலை எனுக்கு ஒத்து வர்ல தோஸ்து" என்று என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார். "மூச்சு உட்டா கருப்பா வருது. எப்டினா பண்ணு."

அவர்கள் போன பிறகு அக்கா, "என்னலே செய்யப் போற" என்றார். செய்யப் போவது நான்தான் என்பது அப்போதே முடிவாகிவிட்டது.

கடையில் இன்னொரு கேமரா கிடந்தது. பிறந்தநாள் பரிசாகக் கொடுப்பார்களே, அந்தப் பிளாஸ்டிக் உடனடி கேமரா. ஒரு மாலுமி கீழே போட்டு உடைத்துவிட்டு, ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுக் கப்பலேறிப் போய்விட்டார். லென்ஸ் சில்லுச் சில்லாகியிருந்தது. ஆனால் தாளைக் கடித்து வெளியே தள்ளும் உருளைகள் நன்றாக இருந்தன. அதாவது கண் இல்லை, பல் உண்டு. மடக்கு கேமராவுக்குக் கண் உண்டு, சாப்பாடு இல்லை. இரண்டுக்கும் கல்யாணம் செய்துவைத்தேன்.

சதீஷ், இனிமேல் கவனமாகப் படி.

பிளாஸ்டிக் கேமராவின் தாள் இப்போதும் கடையில் கிடைக்கும், ஒரு பாக்கெட் வாங்கினேன். சதுரமானது, மடக்கு கேமராவின் பழைய தாள் பெட்டியை விடச் சிறியது. மருந்து டப்பாவின் அட்டையை வெட்டிச் சுற்றிலும் அணை கட்டினேன். பழைய தாள் கிடந்த அதே மட்டத்தில் இது கிடக்க வேண்டும். ஒரு அட்டை கூடினால்கூட மூக்கு தெளிந்து காது மங்கும். கேமராவுக்குள் இருக்கும் நகம் போன்ற கொக்கி தாளைப் பிடித்து இழுக்காதபடி ஓரத்தில் ஒரு பட்டை ஒட்டினேன். இந்தக் கேமராவுக்குக் கரண்ட் பழைய தாள் பெட்டிக்குள் இருந்த தட்டை பேட்டரியிலிருந்து வரும். அது எப்போதோ செத்திருந்தது. நாலு பென்சில் செல்லை வரிசையாகச் சேர்த்து, ஒயர் இழுத்து, வெளியே டேப் போட்டு ஒட்டினேன். பார்க்க ஆஸ்பத்திரியில் படுத்திருப்பது போல இருந்தது.

புதுத் தாளுக்குக் கொஞ்சம் வெளிச்சமே போதும். பழைய அளவுக்குக் கொடுத்தால் படம் சுண்ணாம்பு அடித்த சுவர். கார் ஸ்டிக்கர் கடையில், போலீசுக்குப் பயந்து உரித்துப் போட்ட கருப்பு சன் பிலிம் கிடைத்தது. லென்ஸின் மேல் இரண்டு மடிப்பாக ஒட்டினேன். பக்கத்தில் வெளிச்சத்தை அளக்கும் சின்னக் கண் ஒன்று உண்டு, அதன் மேல் மட்டும் ஒட்டிவிடாதே. அதையும் மூடினால் ஊரே இருட்டு என்று நினைத்துக்கொண்டு கேமரா வாயைப் பிளந்துவிடும்.

தாளை, வெளிச்சம் புகாத இருட்டுப் பைக்குள் கை விட்டு, ஒவ்வொன்றாக மடக்கு கேமராவில் போட வேண்டும். எடுத்த பிறகு மறுபடி பைக்குள் கை விட்டு, அதைப் பிளாஸ்டிக் கேமராவின் பெட்டிக்கு மாற்ற வேண்டும். அதன் உடைந்த லென்ஸைக் கருப்பு டேப்பால் மூடிவிட்டு அழுத்தினால், உருளைகள் தாளின் ஓரத்தில் இருக்கும் மருந்தை நசுக்கிப் பரப்பி வெளியே தள்ளும். முதல் தாளை அதன் அழகான வெள்ளை முகம் மேலே பார்க்கும்படி வைத்தேன். ஒன்றும் வரவில்லை. இந்தத் தாள் முதுகில் வெளிச்சம் வாங்கி முகத்தில் படம் காட்டும் ரகம் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

சோதனைக்கு அக்காவையே வெள்ளைச் சுவரின் முன்னால் உட்காரவைத்து எடுத்தேன். தாள் கைக்கு வந்ததும் தலைகீழாகப் பிடித்தார். பிறகு நேராகப் பிடித்தார். நகம் இறங்கவில்லை.

"என் போட்டோ எதுலயும் நான் இப்படி இருந்ததில்லலே. கண்ணாடில பாக்க மாதிரியே இருக்கேன்."

"நீங்க கேட்டாதானக்கா அழகா எட்ப்பேன். இத்தினி நாளு கேக்கல."

அன்று டீக்கடை வரைக்கும் போய் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். சோதனைகளிலேயே பாக்கெட் காலியாகி, கடைசியில் இரண்டு தாள்தான் மிஞ்சியது. இரண்டு போதும் என்று நினைத்தேன்.

தடை முடிந்த நாள். மற்ற படகுகள் விடியும் முன்பே போய்விட்டன. டில்லியின் படகு மட்டும் ஆற்றின் ஓரத்தில், மாலையும் மஞ்சள் குங்குமமுமாக, முகத்துவாரத்தைப் பார்த்து நின்றது. கூடப் போகும் இரண்டு ஆட்களும் சாப்பாட்டுத் தூக்கோடு மணலில் உட்கார்ந்திருந்தார்கள். ராகுகாலம் தொடங்குவதற்குள் வெள்ளோட்டம் விட்டாக வேண்டும். டில்லியின் அப்பா தேசப்பன் கயிற்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். வலது கையில் ஆள்காட்டி விரல் பாதிதான், மீதியை எப்போதோ கயிறு வாங்கிக்கொண்டது.

"நைனா, நீயும் நில்லு படத்துல" என்றார் டில்லி.

"போடா. போட்டு உங்குது. நான் இன்னாத்துக்கு."

எடுத்தேன். பைக்குள் கை, உருளைக்குள் தாள். வெயில் பட்டால் நிறம் கெடும் என்று அக்கா அதைத் தன் கைப்பையின் நிழலில் வைத்துக்கொண்டார். படம் தெளிந்தது. டில்லி, கஸ்தூரி, படகு, பின்னால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள், எல்லாம் கத்தி மாதிரி. நான் மீசையை முறுக்கினேன். மீசை என்று சொல்ல முடியாது, அந்த இடத்தை முறுக்கினேன்.

தேசப்பன் வாங்கிப் பார்த்தார். "இது எந்த ஊரு?"

"உங்க ஊருதான் நைனா."

அவர் புகைபோக்கிகளைப் பார்த்துத் திரும்பி நின்றார். "சிம்னிய பாத்து நின்னா கடலு சோத்தாங்கை பக்கம். இதுல போட்டு மூக்கு பீச்சாங்கை பக்கம் திரும்பிகினு கீது. ஒசந்த சிம்னி எடம் மாறி நிக்குது. இது கடலுக்குப் போற போட்டு இல்ல. கரைக்கு வர்ற போட்டு."

கடலில் இருந்துகொண்டு அந்தப் புகைபோக்கிகளை வைத்துத்தான் அவர்கள் வீட்டுக்கு வழி பார்க்கிறார்கள். அந்தக் கண்ணிடம் தப்ப முடியுமா. படகின் நம்பரும் இடம் வலமாகத் திரும்பியிருந்தது. நான் அதைப் பார்க்கவே இல்லை.

"வர்ற போட்டுனா நல்லதுதான அண்ணி" என்று சமாளித்தேன்.

"போனாதான தம்பி வர முடியும்" என்றார் கஸ்தூரி. பிறகு புருஷனைப் பார்த்து, "மாலைய கழட்டு. இன்னிக்கி இல்ல" என்றார்.

டில்லி கழற்றவில்லை. சண்டையும் போடவில்லை. "அப்போ நாளிக்கும் தார்ப்பாய்தான்" என்றார். மணலில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்தப் படகு போகாவிட்டால் அவர்கள் வேறு படகுக்குப் போய்விடுவார்கள்.

நான் மணலில் குந்தி கேமராவைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு கண்ணாடி இருக்கிறது. வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பித்தான் தாளுக்கு வரும். பழைய தாளில் வெளிச்சம் விழுந்த பக்கத்திலேயே படம் தெரியும், அந்தக் கண்ணாடி படத்தை நேராக்கிக் கொடுக்கும். புதுத் தாளில் முதுகில் விழுந்ததை முகத்திலிருந்து பார்க்கிறோம். அதிலேயே படம் நேராகிவிடுகிறது. கண்ணாடி அதை மறுபடியும் திருப்பிவிடுகிறது.

"கண்ணாடில பாக்க மாதிரி இருக்குன்னு நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா" என்றார் அக்கா.

"நீங்க பாராட்றீங்கனு நெனச்சேன்."

"உன்னை எதுக்குலே பாராட்டணும்."

அவர் சொன்னதில் கண்ணாடி என்ற சொல் மட்டும் என் காதிலேயே நின்றது. நான் நிமிர்ந்தேன். ஒரு கண்ணாடி திருப்பிவிடுகிறது என்றால், இன்னொரு கண்ணாடி அதை நேராக்கும். ஆட்களை எடுக்கக் கூடாது. கண்ணாடியில் தெரியும் ஆட்களை எடுக்க வேண்டும்.

"அண்ணி, வூட்ல பெரிய கண்ணாடி கீதா?"

"பீரோலதான் கீது. கதவுல."

"கதவ கழட்லாமா?"

"இன்னாது?"

"பீரோ வேணாம். கதவு மட்டும்."

"உள்ள இன்னா கீதுனு ஊரே பாக்கும்" என்றார் கஸ்தூரி. ஆனால் வீட்டைப் பார்த்து நடந்துகொண்டேதான் சொன்னார். டில்லியும் ஆட்களும் ஸ்குரூ டிரைவரோடு ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் பச்சை நிற இரும்புக் கதவு மூன்று தோள்களில் மணலுக்கு வந்தது. பின்னால் கஸ்தூரி, பீரோவின் திறந்த வாயில் ஒரு புடவையைக் கட்டிவிட்டு வந்தார்.

முதல் படத்தை என்ன செய்வது என்று கேள்வி வந்தது. ஒரு படகுக்கு இரண்டு படம் ஆகாதே. அக்கா அதைக் கைப்பைக்குள் போட்டார். "இது உங்க படகே இல்லன்னு பெரியவரே சொல்லிட்டாரு. பொறவு எப்படி ரெண்டாவது ஆகும்." மாமனாரின் மருமகள்தான்.

கதவைப் படுக்கைவாட்டில், கொஞ்சம் சாய்வாகப் பிடிக்க வேண்டும். நேராகப் பிடித்தால் நானும் என் கேமராவும்தான் தெரிவோம். ஒரு முனையை ஒரு ஆள் பிடித்தான். மறுமுனையைத் தேசப்பன் வாங்கிக்கொண்டார். படத்தில் இல்லாதவர் அவர்தானே. நான் கண்ணாடிக்குக் கிட்டே நின்று, அதற்குள் படகும் புகைபோக்கிகளும் ஜோடியும் அடங்கும் வரை, "மேல, கீழ, நைனா கொஞ்சம் உங்க பக்கம்" என்று வேலை வாங்கினேன். தூரத்தைப் படகுக்கு வைக்க வேண்டும், கண்ணாடிக்கு இல்லை. கேமராவிலிருந்து கண்ணாடி, கண்ணாடியிலிருந்து படகு, இரண்டையும் கூட்டி வளையத்தைத் திருப்பினேன். கேமராவுக்குள் நம்பர் இடம் வலமாகத் தெரிந்தது. கண்ணுக்குத் தப்பாகத் தெரிந்தால் தாளில் சரியாக வரும். அதை நம்பி அழுத்துவது எளிதில்லை. கடைசித் தாள்.

"சிரிங்கண்ணி."

"வந்தா சிரிக்கறேன்."

அழுத்தினேன். பைக்குள் கையை விட்டபோது வியர்வையில் தாள் வழுக்கியது. நான் ஒன்றும் பேசவில்லை. அக்கா என்னைப் பார்த்து, "மேலுக்கு முடியலயாலே" என்றார். நான் பேசாமல் இருந்தால் காய்ச்சல் என்றுதான் அவருக்கு அர்த்தம்.

தாள் வெளியே வந்தது. கைப்பையின் நிழலில் முதலில் வானம் வந்தது. பிறகு புகைபோக்கிகள், உயரமானது தன் இடத்தில். பிறகு படகு, மூக்கு வலது பக்கம். நம்பர் நேராக. அக்கா அதைத் தலைகீழாகப் பிடித்தார். சுண்டுவிரல் எழுந்து, படத்தின் ஓரத்தில் ஒரு தட்டு தட்டியது.

அங்கே விரல்கள் இருந்தன. கதவைப் பிடித்திருந்த தேசப்பனின் கை, கண்ணாடியின் ஓரத்தைத் தாண்டி உள்ளே வந்திருந்தது. நல்ல வெயில் என்பதால் கிட்டே இருந்ததும் தூரத்தில் இருந்ததும் ஒன்றாகத் தெளிந்துவிட்டது. படகின் பின்முனை இருக்கும் இடத்தில் மூன்றரை விரல்.

"நைனா கை உள்ள வந்துட்ச்சு அண்ணி" என்றேன். "இந்தத் தாள வெட்டவும் முடியாது. வேற தாளும் இல்ல."

கஸ்தூரி படத்தை வாங்கி, புகைபோக்கிகளைப் பார்த்தார். முகத்துவாரத்தைப் பார்த்தார். பிறகு அந்த ஓரத்தை நெடுநேரம் பார்த்தார்.

"மாமா பின்னால புடிச்சிகினு கீறாரு" என்றார் டில்லியிடம்.

டில்லி எட்டிப் பார்த்தார். "ஆமா."

"உடாம புடிச்சிகினு கீறாரு."

கஸ்தூரியே படகில் ஏறி, படத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, முன்முனை அறையின் மூடிக்கு உள்ளே ஒட்டினார். நாலு ஓரமும் டேப்பை நகத்தால் தேய்த்துவிட்டார். இறங்கி வந்து, "போய்ட்டு வா" என்றார். ஆட்கள் எழுந்து தூக்கை உள்ளே வைத்தார்கள். எல்லோரும் தோள் கொடுக்க, படகு மணலில் முனகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கியது. என்ஜின் இரண்டு தடவை இருமிவிட்டுப் பிடித்தது.

தோள் கொடுக்காதவர் தேசப்பன் மட்டும்தான். அவர் அதே இடத்தில், அதே சாய்வில், கதவைப் பிடித்தபடி நின்றார். மறுமுனையைப் பிடித்திருந்த ஆள் படகில் ஏறிவிட்டதால் அந்த முனை மணலில் ஊன்றியிருந்தது.

"நைனா, படம் முட்ஞ்சிச்சு. கதவ கீழ வைங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. அவர் பார்வை முகத்துவாரத்தில் இருந்தது. மணல் திட்டுக்கு முன்னால் படகு மெதுவாகி, அலைக்காகக் காத்து நின்றது.

"தாண்டட்டும் இரு" என்றார்.

கஸ்தூரி முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தார். என் வாயில் ஒரு கிண்டல் வந்தது. விட்டுவிட்டு, குனிந்து கதவின் மறுமுனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். நல்ல கனம்.